சோணை மைக்செட்டும் நிழலில்லா நாளும்

இரும்புக் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் குழாயின் காலடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டபோது எங்கள் ஏழாம் வகுப்பு போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. நான் ஆசிரியை என்பதை மறந்து நானும் கத்தினேன். ஸ்டாண்டில் மாட்டிய என் செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நட்டுவைத்த எதற்கும் நிழலே விழாத பொழுது அது. நிழலில்லா நாள் என்று சொல்வார்கள். மதுரைப் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வாய்க்கும். சித்திரை பிறந்ததும் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை. ஆவணியில் மேகம் மறைத்துவிட்டால் அதுவும் போச்சு. திருவாதவூருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் அன்றைக்கு மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. உச்சி மண்டை காய்ந்தது. ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. இணையத்தில் கிடைக்கிற படங்கள் பெரும்பாலும் வேறு தேசத்தில் எடுத்தவை. அங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே இல்லை. நட்டநடு மதியத்திலும் நிழல் ஒரு பக்கமாக நீட்டிப் படுத்திருக்கும். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் நிழலைப் பற்றிப் பரீட்சை எழுத வேண்டும். மண்டையைப் பிளக்கிற வெயில் நம்முடையது, படம் மட்டும் இரவல். இந்த வருஷம் நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தமிழில் அறிவியல் பாடங்களை வீடியோவாக எடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், வேறு மொழிக்கு மாற்றலாம் என்று பொதுவில் விடுகிற ஆசிரியர் குழு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. கோடை விடுமுறைப் பயிற்சிக்காகத் தமிழ்நாடு முழுக்கப் போகிற பாடங்களின் தொகுப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு மூடப்படும். என் வீடியோவை வியாழக்கிழமை மதியமே ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நாஸியா கூப்பிட்டாள். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள், என் நெடுநாள் சிநேகிதி. குழுவுக்கு வருகிற பாடங்களில் அடுத்தவர் படம், அடுத்தவர் வரைபடம், அடுத்தவர் இசை ஏதாவது கலந்திருக்கிறதா என்று சலித்து எடுப்பது அவள் பொறுப்பு.

"மாஷா அல்லா, பாடம் பிரமாதம் அஸ்வினி. ஆனா பின்னாடி ஒரு பாட்டு ஓடுதே, அது என்னா?"

எந்தப் பாட்டு என்றேன். சத்தியமாக என் காதில் எதுவும் விழவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தால், தொடக்கம் முதல் கடைசிவரை கணீரென்று ஒரு சினிமாப் பாட்டு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த தெருவில் மறுநாள் காதுகுத்து. சோணை மைக்செட் காலையிலேயே வந்து புளியமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டது. சித்திரையில் எங்கள் பக்கம் கூம்பு கட்டாத மரம் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போய் எடுக்கலாம் என்றால் அங்கே இதைவிட இரண்டு கூம்பு கூட இருக்கும். நாங்கள் மூச்சு விடுவது எங்கள் காதில் எப்படி விழாதோ அப்படித்தான் அந்தப் பாட்டும் விழுவதில்லை. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. வகுப்பில் பாடம் நடத்த அடுத்தவர் படைப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று குழுவின் பயிற்சியில் நீதானே சொன்னாய் என்று பிடித்துக்கொண்டேன். இருக்கிறதுதான் என்றாள். ஆசிரியரும் பிள்ளைகளும் பாடத்துக்காகப் பயன்படுத்தலாம். கோயில் காரியத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பாட்டுப் போடக்கூட விலக்கு உண்டு.

"மைக்செட்டுக்காரர் மேல தப்பு சொல்லல. ஒன் வகுப்பு மேலயும் தப்பு இல்ல. ஆனா நீ இத யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு எழுதிக் குடுக்குற. நாளைக்கு ஒருத்தரு இத வெட்டி விப்பாரு, இன்னொருத்தரு டிவில போடுவாரு. அம்புட்டுப் பேருக்கும் ஒன்னோட விலக்கு கூடவே போகாது. அடுத்த வீட்டு ஆட்ட நீ எப்பிடிக் குர்பானி குடுப்ப?"

பாட்டை மட்டும் நீக்குகிற மென்பொருளிலும் அவள் போட்டுப் பார்த்திருந்தாள். பிள்ளைகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. மொத்தச் சத்தத்தையும் எடுத்துவிட்டு நீ பேசிச் சேர்த்துவிடு என்று யோசனை சொன்னாள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிழல் எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகள் சண்டை போட்டதும், அது காணாமல் போனதும் ஒருத்தி "டீச்சர், குழாயே நெழல முழுங்கிருச்சு" என்றதும்தான் பாடம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கம்பி. கம்பியைக் காட்டுவதற்கு நான் எதற்கு? அப்படியென்றால் ஆவணி வரை பொறு என்றாள் நாஸியா. தொகுப்புத்தான் நாளையோடு முடிகிறதே என்றேன்.

நாளை என்று சொன்ன பிறகுதான் எனக்கே பொறி தட்டியது. சூரியன் ஒரே நாளில் ஓடிவிடுவதில்லை. மறுநாள் உச்சியில் நிழல் விழுந்தாலும் ஒரு அரிசி நீளம்தான் விழும். அது குழாயின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆக இன்னொரு வாய்ப்பு மிச்சமிருந்தது. அந்த வாய்ப்பு போயும் போயும் காதுகுத்து நாளன்றைக்கு வந்து விழுந்திருந்தது.

நேரே பந்தலுக்கு வண்டியை விட்டேன். காது குத்தப்போகிற குழந்தை ரோகிணியின் தாய்மாமன் முத்திருளன் வாசலில் நின்று, தன் படம் போட்ட பேனரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பந்தலும் மைக்செட்டும் அவர் பொறுப்பு. பக்கத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சோணை உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொல்லி, நாளை மதியம் அரைமணி நேரம் பாட்டை நிறுத்தித் தர வேண்டும் என்று கேட்டேன். முத்திருளன் பொறுமையாகத்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் ராகு காலம். அது கழிந்த பிறகுதான் கோயிலிலிருந்து சீர் கிளம்பும். பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் வரும். அதாவது சூரியன் உச்சிக்கு வருகிற அதே நேரத்தில், அதே இடத்தில்.

"நீங்க பிள்ளைகளுக்கு நல்லது செய்றீக டீச்சர், அது தெரியாம இல்ல. ஆனா பாட்டில்லாம நான் சீர் கொண்டாந்தா எழவு வீட்டுக்குக் கோடித்துணி போட வந்தவன் மாதிரி இருக்கும். தங்கச்சி பிள்ளைக்குச் செய்யிற மொதச் சீரு இது."

சோணைக்கு வேறு கவலை. சீர் வருகிற நேரத்தில் செட் ஓடாவிட்டால் சோணை செட் பழுதாகிவிட்டது என்று ஊர் முழுக்கப் பேசும், அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயத்தோடு சண்டை போட எனக்குத் தெரியாது. சரிங்கண்ணே, வாரேன் என்று வண்டியைத் திருப்பினேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பந்தலுக்குள் சீர்த் தாம்பாளங்களைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துச்செல்வி அப்போதுதான் ஆரம்பித்தாள். ரோகிணிக்கு அத்தை அவள். ஒத்தக்கடையில் ஒரு செல்போன் கடையில் வேலை. அத்தைக்கும் தாய்மாமனுக்கும் கேலி செய்கிற முறை. அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருப்பது கஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள். தாம்பாளத்தில் தட்டிக்கொண்டே பேனரைப் பார்த்துப் பாடினாள்.

"பேனரு வச்சாரு வாசலடைச்சு - மாமன்
மோதிரம் போட்டாரு கண்ணுக்கே மறஞ்சு."

பந்தல் சிரித்தது. முத்திருளனும் மீசைக்குள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி ஓடினேன். இது யார் பாட்டு என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரு பாட்டா? இப்பத்தான டீச்சர் வாயில வந்துச்சு."

பாட்டே இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சொந்தக்காரர் மனசார எடுத்துக்கொள் என்று சொன்ன பாட்டாக இருந்தால் போதுமே. உடனே நாஸியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, முத்துச்செல்வியை மறுபடி பாடச் சொன்னேன். நாஸியா கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு, வார்த்தை அந்தப் பொண்ணோடது, மெட்டு அவளோடது இல்லை என்றாள். போன வருஷம் மதுரையில் ஓடாத பஸ் இல்லை என்கிற அளவுக்கு ஓடிய ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு. முத்துச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டு வேறொன்று பாடினாள். அதுவும் சினிமா. மூன்றாவதும் சினிமா. "எங்க வாயில வேற மெட்டே ஏறாது போலருக்கு" என்று அவளே அலுத்துக்கொண்டாள். பிறகு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைகளைத் தட்டிக் குனிந்து நிமிர்ந்து, முளைப்பாரிக்குக் கும்மியடிக்கிற மெட்டில் அதே வரியைப் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த பெண்கள் தானாகவே கை தட்டிச் சேர்ந்துகொண்டார்கள்.

"இது யாரு எப்பக் கட்டுன மெட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இது ஓடட்டும்" என்றாள் போனில் நாஸியா.

அதோடு முடியவில்லை. முத்துச்செல்விக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றாள். சொன்னேன். வீடியோ வெளியே போன பிறகு அவள் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், மாற்றலாம், அவளிடம் வந்து கேட்க வேண்டியதில்லை. முத்துச்செல்வி சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"கேக்கவே மாட்டாகளா?"

"கேக்க வேணாம். ஆனா ஒன் பேரப் போட்டே ஆகணும்."

"போடாம விட்டா?"

"அது தப்பு. நீ போய்க் கேக்கலாம்."

"அப்பச் சரி. முத்துச்செல்வி, ஒத்தக்கடைன்னு போடுங்க. மொட்டையா முத்துச்செல்வின்னு போட்டா வேற எவளாச்சும் நாந்தான்னு வந்து நிப்பா."

சம்மதம் என்று அதையே அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். முத்திருளன், பாட்டு முழுக்கத் தன்னைப் பற்றித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தமிழ்நாடு முழுக்கப் போகுமா என்றார். போகும் என்றேன். பேனரை ஒரு தடவை பார்த்தார். அப்படியானால் தாம்பாளம் அத்தனையும் படத்தில் தெரிய வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சோணைதான் எல்லோரையும்விடக் குஷியாகிவிட்டார். செட் நிற்கப்போவதில்லையே. பாட்டுக்குப் பதிலாக மைக், அவ்வளவுதான் வித்தியாசம். பென் டிரைவைச் செருகிவிட்டு உட்கார்ந்தே பழகிப்போன மனுஷன், பெட்டிக்கு அடியில் கிடந்த வயரில்லாத கைமைக்கை எடுத்துத் துணியால் துடைத்து, ஊதிப் பார்த்து, ஹலோ ஹலோ என்று புளியமரம் அதிரச் சொன்னார்.

மறுநாள் நாஸியா விடுப்புப் போட்டுவிட்டு பஸ் பிடித்தே வந்துவிட்டாள். கழுத்தில் பெரிய ஹெட்போன். மைதானத்தில் அவள் கால் வைத்ததும், வாசல் வழியாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காதுகுத்துச் சொந்தக்காரர் ஒருவரின் சட்டைப்பையில் சினிமாப் பாட்டு அடித்தது. அதை அவர் எடுத்துப் பேசி முடிப்பதற்குள் இன்னொரு பையில் இன்னொரு பாட்டு. நாஸியா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாங்கள் கூம்பை மட்டும்தான் நினைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு மைக்செட் பையில் இருப்பதை மறந்துவிட்டோம். முத்துச்செல்வி ஒரு காலித் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்ற சொந்தபந்தத்துக்குள் புகுந்தாள். தட்டில் போடு, தட்டில் போடு என்று மிரட்டி வாங்கினாள். அணைத்து வைக்க மட்டும் ஒருத்தரும் ஒப்பவில்லை, வழி தெரியாமல் யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்றார்கள். கடைக்காரி கை அல்லவா, ஒவ்வொன்றாகச் சத்தத்தை அமுக்கி அடுக்கினாள். தாம்பாளம் நிறைந்துவிட்டது. அதை அப்படியே ஆப்பிள் தாம்பாளத்துக்கும் வளையல் தாம்பாளத்துக்கும் நடுவில் சீர்வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். முத்திருளன் அந்தத் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தட்டு கூடியதில் சந்தோஷமாக வேட்டியை மடித்துக் கட்டினார்.

ராகு காலம் முடிந்தது. கோயில் பக்கம் குலவைச் சத்தம் கிளம்பியது. பிள்ளைகள் குழாயைச் சுற்றி உட்கார்ந்து, நேற்று முழுங்கிய நிழலை இன்றைக்கும் முழுங்குமா, கொஞ்சம் மிச்சம் வைக்குமா என்று சண்டையை ஆரம்பித்தார்கள். என் போன் பதிவு செய்தது. ஒத்தக்கடை யானைமலைப் பக்கமிருந்து துணுக்கு மேகம் ஒன்று வந்தது. அதைப் பார்த்து நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. அது சூரியனை மறைக்காமல் ஓரமாகவே நழுவிப் போய்விட்டது.

நிழல் விரலளவு ஆனது, நகத்தளவு ஆனது. சீர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது. புளியமரத்துக் கூம்பில் முத்துச்செல்வியின் குரல் பேனரையும் மோதிரத்தையும் பாடிக்கொண்டு வந்தது. முத்திருளன் சொன்னபடி மொத்த வரிசையையும் மைதானத்துக்குள் திருப்பி, தாம்பாளம் அத்தனையும் போனுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து கத்தியது.

"முழுங்கிருச்சு டீச்சர். இன்னைக்கும் முழுங்கிருச்சு."

சீர் கொண்டு வந்தவர்கள் குழாயைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். தூக்கிப் பிடித்திருந்த தாம்பாளங்களின் வட்ட நிழல் தலைமேலும் தோள்மேலும்தான் கிடந்தது. தரையில் பக்கவாட்டாக யாருக்கும் எதுவும் நீளவில்லை. முத்துச்செல்வியும் மைக்கைப் பிடித்தபடி பாட்டை மறந்து கீழே பார்த்து நின்றாள். கூம்பு ஊமையாகிவிட்டது. இதுவரை எங்கள் ஊர் இப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பாடு, பாடு என்று அவளுக்குக் கை காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

அப்போது வரிசையிலிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம். அமுக்கி வைத்திருந்த போன்களில் ஒன்று பித்தளையில் அதிர்ந்தது. அது அதிர, பக்கத்துப் போன் நகர, தாம்பாளம் முழுக்கக் கடகடவென்று ஆடியது. அதைத் தூக்கி நின்ற முத்திருளனின் மனைவி இறக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் விழித்தாள். நான் நாஸியாவைப் பார்த்தேன். ஹெட்போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து, இது யார் பாட்டும் இல்லை என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்தினாள்.

முத்துச்செல்வி நிமிர்ந்தாள். தாம்பாளம் அதிர்கிற தாளத்தை ஒரு சுற்று கேட்டாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மாமன் நெழலக் காணலையே - அத
மடியில முடிஞ்சு வச்சாரோ."

பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளைகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடினார்கள். நிழலில்லாத வெயிலில், அத்தனை பேருக்கும் நடுவில் நின்ற முத்திருளனின் கை மெதுவாக வேட்டி மடிக்குப் போய், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.